ஏழு அப்பளமும் மூன்று வெளிச்சமும்

அத்தியாயம் 5

வியாழக்கிழமை பிற்பகல் ஒன்றே முக்கால் மணி. பாண்டுங் நகரத்தின் சிஹாபிட் பகுதியில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு வெள்ளை வீட்டின் வாயிலில், துப்பறியும் விவின் அம்மையாரும் அவருடைய உதவியாளர் ஜாஜாங்கும் தத்தம் கைப்பேசிகளைக் காவலரிடம் நீட்டியபடி நின்றிருந்தனர். காவலர் ஒவ்வொரு கைப்பேசியின் கேமராவின் மீதும் சிவப்பு ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டி, அதன் ஓரங்களை நகத்தால் மும்முறை தேய்த்தார்.

"காங், என் மூக்குக் கண்ணாடிக்கும் ஒண்ணு ஒட்டிடுங்க," என்றார் ஜாஜாங், அவ்வூர் வழக்கப்படி காவலரை அண்ணன் என்று விளித்து. "எனக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி."

காவலர் சிரிக்கவில்லை. ஜாஜாங்கின் கையிலிருந்த பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "உள்ளே என்ன?" என்று வினவினார்.

"பொரிச்ச மீன் உருண்டை. கடலைச் சாறு தனியா இருக்கு. ரகசியம் எதுவும் ஊத்தலை."

அந்த வெள்ளை வீட்டில் இருபத்து மூன்று பேர் நான்கு ஆண்டுகளாக ஒரே ஒரு வீடியோ விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தனர். அதன் பெயரை வெளியுலகம் அறியாது. கடிதங்களிலும் ரசீதுகளிலும் அதனை 'சிலோக்' என்றே எழுதிவந்தனர். சிலோக் என்பது அவ்வூர்த் தெருக்களில் தள்ளுவண்டியில் விற்கும் மாவுருண்டை. இந்த மறைபெயரினால் சென்ற ஆண்டு ஒரு விபரீதம் நேர்ந்தது. 'சிலோக் இருநூறு படிகள் தேவை' என்று அச்சகத்துக்கு அனுப்பவேண்டிய தாளை யாரோ சமையல்காரருக்கு அனுப்பிவிட, அலுவலகத்தார் இரண்டு நாள் மாவுருண்டையே உண்டனர்.

இத்துணைக் கட்டுக்காவலையும் மீறி, கடந்த திங்கட்கிழமை அவ்விளையாட்டின் உச்ச ரகசியத்தைக் காட்டும் படமொன்று இணையத்தில் வெளியாகிவிட்டது.

உரிமையாளர் யாயான், ஐம்பது வயதிலும் பள்ளிப்பையைப் போன்ற ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிபவர். அவர் இருவரையும் தம் அறைக்கு அழைத்துச் சென்று கதவைச் சாத்தினார்.

"இன்னிக்கு நாலு மணிக்கு ஜகார்த்தாவுலேர்ந்து இபு மெலானி திரையில வருவாங்க. இந்த கேமை உலகத்துக்கு வெளியிடப்போறது அவங்க கம்பெனிதான். படத்தை வெளியே விட்டவன் பேரைச் சொல்லணும். சொல்லலைன்னா சனிக்கிழமை அறிவிப்பு ரத்து. அதோட எங்க கதையும் முடிஞ்சுது."

"பேர் கிடைச்சுதா?" என்றார் விவின் அம்மையார்.

"கிடைச்சுருச்சு. நெனி. எங்க ஓவியர். ஆதாரமும் இருக்கு."

"அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க, பாக்?" அவ்வூரில் ஆண்களுக்குப் பாக், பெண்களுக்கு இபு என்பதே மரியாதை விளி.

யாயான் மேசை மேலிருந்த ஓர் உறையைத் தொட்டுப் பார்த்தார். அதில் பணிநீக்கக் கடிதம் இருந்தது. "அந்தப் பேர் தப்பா இருக்கணும்னு ஒரு ஆசை," என்றார்.

விவின் அம்மையார் இருபத்தோராண்டுகள் காப்பீட்டு நிறுவனமொன்றில் பொய்யான இழப்பு விண்ணப்பங்களை ஆராய்ந்தவர். எரியாத கடைகளையும் மூழ்காத படகுகளையும் பார்த்துப் பழகிய கண் அவருடையது. 'ஆதாரம்' என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குக் கை அரிக்கும்.

"படத்தைக் காட்டுங்க."

அச்சிட்ட தாள் மேசைமீது விரிக்கப்பட்டது. மலைப்பாதையில் ஓர் இரவு. ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை. வழிப்போக்கன் ஒருவன் விசிப்பலகையில் அமர்ந்திருக்கிறான். கடைக்காரப் பெண் விளக்கின் முன் நின்று சோறு பரிமாறுகிறாள். சுவரில் விழும் அவளுடைய நிழல் மட்டும் புலியின் நிழல்.

"அவ மனுஷி இல்ல, புலி," என்றார் யாயான், அந்நிலையிலும் குரலைத் தாழ்த்தி. "கேமோட கடைசி அஞ்சு நிமிஷத்துலதான் அது தெரியணும். அதுவரைக்கும் கையில விளக்கோட வந்து சோறு போடுற அக்கா, அவ்வளவுதான்."

"நல்ல அக்கா," என்றார் ஜாஜாங். "எங்க தெதே மாதிரி. நிழலைப் பாத்தாத்தான் தெரியும்."

தெதே, அதாவது அக்கா, என்று அவர் அழைத்த விவின் அம்மையார் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தொழில்நுட்பத் தலைவர் லுக்மான் உள்ளே வந்து, படத்தின் ஒரு மூலையில் விரலை வைத்தார். கடையின் பலகைமேல், முகப்பில் கண்ணாடி பதித்த தகர டப்பா ஒன்றில் அப்பளங்கள் அடுக்கப்பட்டிருந்தன.

"எண்ணிப் பாருங்க, இபு."

"ஏழு."

"வெளியீட்டுக்கு முன்னாடி பன்னெண்டு பேருக்குப் பிரதி குடுத்தோம். ஒவ்வொரு பிரதியிலயும் இந்த டப்பாவுல அப்பளம் வேற வேற எண்ணிக்கை. ஒண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும். எந்தப் பிரதியிலேர்ந்து படம் வெளியே போனாலும் டப்பாவே காட்டிக்குடுத்துடும். ஏழு நெனியோடது."

"இந்தக் கணக்கு யார் யாருக்குத் தெரியும்?"

"மூணு பேருக்கு. பாக் யாயானுக்கு, எனக்கு, விளம்பரம் பாக்குற காங் குமிலாருக்கு. பத்திரிகைக்காரங்களுக்குப் பிரதி குடுக்கறது அவர்தானே."

அம்மையார் கைப்பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்துப் படத்தின்மேல் மெல்ல நகர்த்தினார். விசிப்பலகையின் கீழே, கரிய இருளில், கடுகளவு வெளிச்சப் புள்ளிகள் மூன்று தென்பட்டன. இரண்டு அடுத்தடுத்து, மூன்றாவது சற்று விலகி.

"இது என்னது?"

"தூசி," என்றார் லுக்மான். "படத்தைச் சுருக்கும்போது இந்த மாதிரி கசடு வரும்."

"மின்மினியா இருக்கும்," என்றார் யாயான்.

அவ்வேளையில் மடிப்புக் கலையாத பாத்திக் சட்டையும் நறுமணமுமாக உள்ளே நுழைந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "விளக்கு வெளிச்சம் தரையில பட்டுத் தெறிக்குது," என்றார். அவரே குமிலார்.

"ஒரு புள்ளிக்கு ஒரு பதில் வீதம் மூணு வந்துருச்சு, தெதே," என்றார் ஜாஜாங். "இந்த வீட்டுல எல்லாருக்கும் எல்லாம் தெரியும்."

குமிலார் நட்புடன் சிரித்தார். "நான் இந்த கேமை மூணு தடவை முழுசா முடிச்சிருக்கேன். எனக்குத் தெரியாத மூலை இதுல கிடையாது."

"இந்தப் படம் வெளியே போனதுல உங்களுக்கு வருத்தம் இருக்குமே, காங்?" என்றார் அம்மையார்.

"இருக்காதா? ஆனா ஒண்ணு சொல்லணும். போன வாரம், பேர்கூடத் தெரியாத இந்த கேமுக்காகக் காத்திருக்கோம்னு பதிவு பண்ணவங்க நாலாயிரம் பேர். இன்னிக்குக் காலையில முப்பத்தோராயிரம். புலியை போஸ்டர்ல போடுவோம்னு நான் ஆறு மாசமா கெஞ்சினேன். நெனி விடலை. 'சொல்லிட்டா அப்புறம் எதைப் பாக்க வருவாங்க'ன்னு கேட்டா. இப்ப அவளே சொல்லிட்டா. பாவம், என்ன கோபமோ."

அம்மையார் உருப்பெருக்கியை மடித்து வைத்தார். நெனியின் பிரதியில் அந்தக் கடைசிக் காட்சியை ஜாஜாங் விளையாடிப் பார்க்க அனுமதி கேட்டார், கிடைத்தது.

"வேலை நேரத்துல விளையாடச் சொன்ன முதல் ஆள் நீங்கதான், தெதே," என்று கூறிவிட்டு, ஜாஜாங் மீன் உருண்டைப் பொட்டலத்துடன் கீழறைக்குச் சென்றார்.

அம்மையார் மாடிக்கு ஏறினார். சன்னலுக்கு வெளியே மழை தொடங்கியிருந்தது. நெனிக்கு முப்பது வயதிருக்கும். தன் மேசைப் பொருள்களை ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்: ஒரு குவளை, ஒரு கம்பளிச் சால்வை, சட்டமிட்ட ஒரு பூனைப்படம். செம்பட்டை நிறப் பூனை. ஒரு கண்தான் இருந்தது.

"இன்னும் கடிதமே குடுக்கலையே, அதுக்குள்ள மூட்டை கட்டுறே?"

"நாலு மணிக்கு மேல கட்டினா எல்லாரும் பாப்பாங்க, இபு."

"நீ பண்ணலைன்னு சொல்லவே இல்லையே?"

"சொன்னேன். டப்பாவைக் காட்டினாங்க." அவள் சால்வையை மடித்தாள், மடிப்பு சரியாக வராமல் பிரித்து மறுபடியும் மடித்தாள். "வேலை போனா வேற வேலை தேடிக்கலாம். கேம் முடிஞ்சதும் செஞ்சவங்க பேரெல்லாம் திரையில ஓடும். ரகசியத்தை உடைச்சவங்க பேரை அதுலேர்ந்து எடுத்துடுவாங்க. ஒப்பந்தத்துலயே இருக்கு. அந்தக் கடை, அந்த மலை, அந்தப் புலி, எல்லாம் நான் வரைஞ்சது. நாளைக்கு எங்கப்பா கடைசி வரைக்கும் உக்காந்து பாத்துட்டு, 'உன் பேர் எங்கம்மா'ன்னு கேப்பார்."

அம்மையார் படத்தை நீட்டினார். "விசிப்பலகைக்குக் கீழே மூணு வெளிச்சம் இருக்கே, அது என்ன?"

நெனி பார்த்தாள். அவள் கை நின்றுவிட்டது. பிறகு சன்னலை நோக்கி, மழையை எண்ணுபவளைப் போல நெடுநேரம் இருந்தாள்.

"தெரியாது, இபு."

தூசி என்றும் மின்மினி என்றும் சொன்னவர்கள் நொடியில் சொன்னார்கள். தெரியாது என்று சொல்ல இவளுக்கு மட்டும் இத்தனை நேரம் ஆயிற்று. தான் வரைந்த கடையில் தனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறதா? அம்மையார் கீழே இறங்கினார்.

கீழறையில் ஜாஜாங் கட்டைவிரல்கள் இரண்டாலும் விசைப்பலகையைக் குத்திக்கொண்டிருந்தார். மீன் உருண்டை தீர்ந்திருந்தது. திரையில் அப்பள டப்பாவும் காலியாயிருந்தது.

"எல்லாத்தையும் தின்னுட்டியா?"

"இதுலதான் கொழுப்பு ஏறாது, தெதே. நம்ம ஊர்க் கடை மாதிரியே பண்ணியிருக்காங்க. யாரையும் கேக்க வேண்டாம், டப்பாவைத் திறந்து எடுத்துத் தின்னுக்கலாம். அதை விடுங்க. இங்க ஒரு அதிசயம் நடக்குது, பாருங்க."

அவர் கடைக் காட்சியை மீண்டும் அதன் தொடக்கத்திலிருந்து ஓட்டிக் காட்டினார். அம்மையார் ஒருமுறை பார்த்தார். இன்னொரு முறை காட்டச் சொல்லிப் பார்த்தார். பின்னர், அன்றைய தினத்தில் முதன்முறையாகப் புன்னகை புரிந்தார்.

"ஜாங், உன் பேராசைக்கு இன்னிக்குத்தான் ஒரு பயன் வந்திருக்கு."

மூன்றே முக்காலுக்கு அவர் மறுபடியும் மாடியேறி, நெனியின் எதிரே அமர்ந்து, தணிந்த குரலில் சொன்னார்: "உன்னைக் காப்பாத்த ஒரு வழி இருக்கு. ஆனா நீ ஒளிச்சு வச்சிருக்கிற ஒண்ணு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். அதுக்கு வேற தண்டனை வரலாம். நீ வேண்டாம்னா நான் வாயைத் திறக்க மாட்டேன்."

நெனி அட்டைப்பெட்டியிலிருந்த பூனைப்படத்தைப் பார்த்தாள், பிறகு தலையசைத்தாள்.

நான்கு மணிக்குக் கூட்ட அறையின் பெருந்திரையில் மெலானியின் முகம் தோன்றியது. நரைத்த குட்டை முடி; தேவையற்ற சொல் ஒன்றைக்கூட வீணாக்காத வாய். மேசையைச் சுற்றி யாயான், லுக்மான், குமிலார், நெனி ஆகியோர் அமர்ந்திருந்தனர். பக்கத்திலிருந்த இரண்டாவது திரையில் நெனியின் பிரதி, கடைசிக் காட்சியில், ஆயத்தமாயிருந்தது; விசைப்பலகை ஜாஜாங்கின் மடியில் இருந்தது.

"பேரைச் சொல்லுங்க," என்றார் மெலானி.

யாயான் அம்மையாரைப் பார்த்தார். அம்மையாரோ குமிலாரை நோக்கித் திரும்பினார்.

"காங், நீங்கதான் மூணு தடவை முடிச்சவர். படத்தைப் பாத்துச் சொல்லுங்க, நெனி எப்ப இதை எடுத்திருப்பா?"

"கடைசிக் காட்சியில கடைக்குள்ள வந்து உக்காந்த உடனே," என்றார் குமிலார், தயக்கமின்றி. "டப்பாவுல ஏழும் அப்படியே இருக்கு பாருங்க. ஒண்ணுகூட எடுக்கலை."

"நிச்சயமா?"

"ஏழாவது பிரதியில ஏழு இருக்குன்னா கைவைக்கலைன்னுதானே அர்த்தம்?"

"சரிதான். ஜாங், உக்காரு."

திரையில் வழிப்போக்கன் விசிப்பலகையில் அமர்ந்தான். டப்பாவில் ஏழு அப்பளம். பலகையின் கீழே வெறும் இருட்டு.

"வெளிச்சம் எங்க?" என்றார் அம்மையார். "தூசி வரலையே, பாக் லுக்மான். மின்மினியும் வரலை. இப்ப ஒண்ணு தின்னு, ஜாங்."

மொறுமொறுவென்று ஓர் ஓசை. டப்பாவில் ஆறு. பலகையின் கீழே, இருளில், அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் ஒளிர்ந்தன.

"இன்னொண்ணு."

டப்பாவில் ஐந்து. சற்று விலகி, மூன்றாவது புள்ளி தோன்றியது.

லுக்மான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "இது என்னது? இதை நான் எழுதலையே."

"பூனைங்க," என்றாள் நெனி. "அப்பளம் மொறுமொறுக்கிற சத்தம் கேட்டா வரும். முதல்ல வர்றது சாம்பல் பூனை. ரெண்டாவது எங்க வீட்டுது. அதுக்கு ஒரு கண்ணுதான். போன மாசம் செத்துப்போச்சு. கேமைப் பூட்டினதுக்கு அப்புறம், பிரதி எடுக்கிறதுக்கு முன்னாடி சேர்த்தேன். யாருகிட்டயும் கேக்கலை."

பூட்டு நாளுக்குப் பிறகு ஒரு புல்லைக்கூட நடக்கூடாது என்பது அத்தொழிலின் கட்டளை. அதனை மீறி எவருமறியாமல் ஏதேனும் ஒன்றை ஒளித்துவைப்பது அத்தொழிலாளரின் குணம்.

"மூணு வெளிச்சம்னா ரெண்டு அப்பளம் தின்னாச்சுன்னு அர்த்தம்," என்றார் அம்மையார். "ஏழுல ரெண்டு போனா அஞ்சுதான் இருக்கணும். படத்துல ஏழு இருக்கு. அதனால அது நெனியோட பிரதியே இல்லை."

"ஏழும் ரெண்டும் ஒன்பது," என்றார் லுக்மான் மெதுவாக.

"தின்னா குறையும், கூடாது. அதனால ஏழாக்கணும்னா எட்டுலேர்ந்து பன்னெண்டுக்குள்ள ஒரு பிரதி வேணும். பாக் யாயான் பிரதியில அப்பளம் ஒண்ணு, பாக் லுக்மான் பிரதியில ரெண்டு. அவங்க எவ்வளவு பட்டினி கிடந்தாலும் ஏழு வராது. பட்டியலைக் கொஞ்சம் படிங்க, பாக். ஒன்பது யாரோடது?"

யாயான் பையிலிருந்து தாளை எடுத்தார். படித்தார். ஆனால் வாய்விட்டுப் படிக்கவில்லை. அவர் கண்கள் தாளிலிருந்து உயர்ந்து குமிலாரின் மடிப்புக் கலையாத சட்டையில் நின்றன.

"என் பிரதியை யார் வேணும்னாலும் எடுத்திருக்கலாம்," என்றார் குமிலார்.

"எடுத்திருக்கலாம்தான். ஆனா நெனிக்கு ஏழுன்னு தெரிஞ்சு, ஒன்பதை ஏழாக்க ரெண்டே ரெண்டு தின்னு நிறுத்தணும். பட்டியல் தெரிஞ்ச மூணாவது ஆள் நீங்கதான். டப்பாவையே எண்ணிக்கிட்டிருந்தீங்க, காங். பலகைக்குக் கீழே குனிஞ்சு பாக்கலை."

"மூணு தடவை முடிச்சவரு," என்று ஜாஜாங் மேற்கூரையிடம் கூறினார்.

குமிலார் மறுக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நாலாயிரம் பேரை வச்சுக்கிட்டு சனிக்கிழமை மேடை ஏறச் சொல்றீங்களா? எண்ணிக்கை பத்தாயிரம் தாண்டலைன்னா நான் மேடைப் பக்கமே வர வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க, இபு மெலானி? யாருக்கும் தெரியாத ரகசியத்தை யாரு வாங்குவா? நான் வித்துக் காட்டியிருக்கேன்."

"வித்தீங்க, சரி," என்றார் விவின் அம்மையார். "அதுல நெனி பேரை எதுக்கு ஒட்டினீங்க?"

குமிலார் தம் சட்டையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார்.

மெலானி பேசியபோது குரல் மாறவில்லை. "குமிலார், உங்க அடையாள அட்டையைக் காவலர்கிட்ட குடுத்துட்டுப் போங்க. பத்தாயிரம்னு நான் சொன்னது உண்மை. அதைப் பத்தி நான் தனியா யோசிக்கணும். சனிக்கிழமை அறிவிப்பு நடக்கும்." பின் சற்றே நிறுத்தி, "நெனி," என்றார்.

"இபு."

"பூட்டினதுக்கு அப்புறம் சேர்த்தது தப்பு. தெரியும்ல?"

"தெரியும், இபு."

"அதனால கேம் எங்கயாவது நின்னுபோகுதா, லுக்மான்?"

லுக்மான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு வாரமா பன்னெண்டு பேர் விளையாடுறாங்க. ஒரு தடவைகூட நிக்கலை. எனக்குத்தான் அவமானம்."

"அப்ப பூனைங்க இருக்கட்டும். ஆனா இதைப் பத்தி வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாது. அங்க இருக்கிற எல்லார்கிட்டயும் புதுசா ரகசியத் தாள்ல கையெழுத்து வாங்குங்க, யாயான்."

"எங்கிட்டயுமா?" என்றார் ஜாஜாங்.

"உங்ககிட்ட ரெண்டு," என்றார் மெலானி. திரை அணைந்தது.

யாயான் பணிநீக்க உறையை எடுத்து, பிரிக்காமலே நான்காகக் கிழித்துப் பள்ளிப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, பெயர்கள் ஓடும் பட்டியலைத் திரையில் வரவழைத்துக் காட்டினார். கடை, மலை, புலி என்ற சொற்களுக்கு எதிரே நெனியின் பெயர் இருந்தது. அவள் எழுந்து சென்று, அந்த எழுத்துகளுக்கு வெகு அருகில் நின்று படித்தாள்.

குமிலார் தம் பொருள்களை எடுத்துக்கொண்டு கதவருகே சென்றார். கைப்பிடியைத் தொட்டவர் திரும்பினார். ஜாஜாங்கின் திரையில் டப்பாவில் இன்னும் ஐந்து அப்பளம் மீதமிருந்தது; பலகையின் கீழே மூன்று வெளிச்சங்கள் இமைத்துக்கொண்டிருந்தன.

"மூணாவது தின்னா என்ன ஆகும்?" என்றார் அவர். ஆறு மாதம் பெயர் சொல்லாமலே அந்த விளையாட்டைப் பற்றி ஊரெங்கும் விளம்பரம் செய்தவரின் குரலில் அன்றுதான் உண்மையான ஆவல் தொனித்தது.

ஜாஜாங் வாயைத் திறந்தார். மேசையின் அடியில் அம்மையாரின் செருப்பு அவர் காலை மிதித்தது, வாய் மூடிக்கொண்டது.

நெனி பெயர்ப் பட்டியலிலிருந்து கண்ணை எடுக்காமலே விடை சொன்னாள்.

"விளையாடிப் பாருங்க, காங்."